ஈரத் துண்டும் எம்.சி.ஆர். செருப்பும்

(தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பலன் எதிர்பாராத ஊழியம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தீர்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே பொன்னாடையும் போர்த்திவிட்டீர்கள். குறை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன், மனசுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் அடுத்து நான் சொல்வது எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பாராட்டினால் மனம் குளிரும். நன்றி சொல்லாமல் போனால் சுருக்கென்று குத்தும். எல்லாரும் இந்த மண்ணால் ஆனவர்கள்தான்.

இயேசுவோடு கூடவே நடந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் எருசலேமுக்குப் போகும் வழியில் ஒரு காட்சி. தாம் பிடிபடப்போவதையும் கொல்லப்படப்போவதையும் அவர் மூன்றாவது தடவையாகச் சொல்லி முடிக்கிறார். அந்த வார்த்தை காற்றில் இருக்கும்போதே யாக்கோபும் யோவானும் பக்கத்தில் வந்து, மகிமையில் அவருக்கு வலமும் இடமும் உள்ள இருக்கைகளை முன்பதிவு செய்யப் பார்க்கிறார்கள். மத்தேயு எழுதும்போது அவர்களுடைய அம்மாவே வந்து கேட்கிறார். சிபாரிசு நம் காலத்துச் சங்கதி இல்லை. மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்ததாம். இவர்கள் முந்திக்கொண்டார்களே என்ற கோபமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இயேசு எல்லாரையும் அருகே அழைத்து அந்தப் பாடத்தை நடத்தியிருக்க மாட்டார். தாம் வந்தது பிறரிடம் வேலை வாங்குவதற்கு அல்ல, பிறருக்கு வேலை செய்யவும் அதற்காக உயிரையே கொடுக்கவும் என்று அவர் அங்கேதான் சொல்கிறார். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தன் இலச்சினை வாசகத்தை எடுத்துக்கொண்டது அந்த இடத்திலிருந்துதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவத்தில் பலன் என்ற பேச்சே கிடையாது என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். அது சரியில்லை. மலைப்பிரசங்கத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பேசும்போது, அந்தரங்கத்தில் செய்தால் பிதா பலன் தருவார் என்றே இயேசு சொல்கிறார். ஊர் பார்க்கச் செய்கிறவர்களுக்குப் பலன் கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை. கிடைத்து முடிந்துவிட்டது என்கிறார். இது அதைவிடக் கடுமை. டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்த கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயரை ஊர் வாசித்தது, கணக்கு நேரானது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, படம் எடுத்து முடிக்கும்வரை அந்தப் பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோமே, அதற்கும் அதே கணக்குத்தான்.

லூக்கா பதினான்காம் அதிகாரம் நம் ஊருக்காகவே எழுதியதைப் போல இருக்கும். விருந்து வைத்தால் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் வசதியான அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே, அவர்கள் திரும்பக் கூப்பிட்டுச் சமன் செய்துவிடுவார்கள். திருப்பித் தர வழியே இல்லாத ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூப்பிடு என்கிறார் இயேசு. நம் கல்யாண வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டு மொய் நோட்டு வைத்திருப்போம். யார் எவ்வளவு எழுதினார்கள், நாம் எவ்வளவு திருப்பி எழுத வேண்டும் என்பதற்கு இருபது வருஷத்து நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். அவசரத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் ஊழியத்துக்கும் மனசுக்குள் ஒரு மொய் நோட்டைத் திறந்துவைக்கிறோம். அங்கேதான் சிக்கல்.

இனிப் பொதுவாகப் பேசாமல் ஓர் இடத்துக்குப் போவோம். கொல்லிமலை. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. சங்க காலத்தில் அது கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை. வள்ளல் கொடுப்பான், பாணன் பாடுவான், பெயர் நிலைக்கும். நம் பழைய மரபில் ஈகைக்குப் புகழ் கூலி; அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அதே மரபில் வள்ளுவர் ஒப்புரவைப் பேசவரும்போது மட்டும் மழையைக் காட்டினார், அது கைம்மாறு கேட்பதில்லை என்று. இயேசுவும் மழையைத்தான் காட்டுகிறார், நல்லவன் வயல், கெட்டவன் வயல் என்று பார்த்துப் பெய்யாத மழையை.

அந்த மலைக்கு 1913-இல், சாலை என்று ஒன்று இல்லாத காலத்தில், புதிதாகத் திருமணமான ஓர் ஆங்கிலத் தம்பதி ஏறிப்போனார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். வெப்பநாட்டு நோய்களுக்கு மருத்துவம் பார்க்கக் கொஞ்சம் படித்துக்கொண்டு வந்தவர், பட்டம் பெற்ற டாக்டர் இல்லை. ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர். மலையில் மலேரியா. அடிவாரத்து ஊர்க்காரர்களே மேலே தங்கப் பயந்த காலம். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர்களுக்குப் பிறந்த பையன்தான் பிற்காலத்தில் வேலூரில் பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட்.

அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நரம்புச் சிலந்தி. இளைஞர்களுக்கு இந்த நோயின் பெயரே தெரிந்திருக்காது. நல்லது, இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் படிக்கிணறும் குளமும் இருந்த இடமெல்லாம் அது இருந்தது. தண்ணீரில் உள்ள கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர் ஒன்றின் வழியாக அது வயிற்றுக்குள் போகும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து இரண்டடி, மூன்றடி நீளப் புழுவாக வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் அந்த ஆள் காலைத் தண்ணீரில் வைப்பார். புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதே படிக்கிணற்றில் ஊர் குடிக்கும். அடுத்த வருஷம் அதே கதை.

இதற்கு வைத்தியம் என்ன? வெளியே வந்த நுனியை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே சீழ் பிடித்து ஆள் படுத்துவிடுவார். ஆகவே தினமும் அந்தக் காலைப் பக்கத்தில் வைத்து, கழுவி, இரண்டு விரற்கடை சுற்றிவிட்டு, கட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். நாற்றம் பிடித்த புண், வெறுங்காலில் மலையேறி வந்த பாதம், நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில். இன்னொரு பக்கம், கிணற்றுக்குள் யாரும் காலை வைக்க முடியாதபடி சுவர் எழுப்பி நீர் இறைக்கச் சொல்ல வேண்டும், துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்களா? பாட்டன் காலத்திலிருந்து இறங்கிக் குடித்த கிணறு.

யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை நான் அந்தக் குச்சியோடு சேர்த்துத்தான் வாசிப்பேன். கடைசி இரவு. இயேசு மேலங்கியைக் கழற்றிவைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துச் சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். அது அடிமையின் வேலை. நாமும் பெரிய வியாழனன்று செய்கிறோம். உண்மையைச் சொல்லுங்கள், கால் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதானே வருகிறார்கள்? ஆயரும் வெள்ளைத் துண்டை ஒற்றிவிட்டு எழுந்துவிடுவார். சடங்காக அது அழகுதான். ஆனால் சில ஊர்களில், காலைக் கழுவிய கையோடு சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும் வைத்திருக்கிறோம். அந்த இரவில் கழுவப்பட்ட கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன என்பதை யோவான் மறைக்கவில்லை. பதிலுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்தே கழுவினார்.

கொல்லிமலையில் பதிலுக்கு வந்தது என்ன? பல ஆண்டுகள் வரை, அவர்கள் எதற்காகப் போனார்களோ அந்த வகையில், ஒன்றும் வரவில்லை. சுவிசேஷம் சொல்லத்தான் போனார்கள். அதை அவர்கள் ஒளிக்கவில்லை, நானும் ஒளிக்க மாட்டேன். மக்கள் மருந்துக்கு வந்தார்கள், பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள், குணமாகிப் போனார்கள். சபை உருவாகவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் இவர்களிடம் போகாதீர்கள் என்று தடுத்துக்கொண்டிருந்தார். அவர் இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான், அவருடைய மக்கள், அவருடைய மலை.

முதல் உலகப் போர் முடியும் காலத்தில் உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலையிலும் ஏறியது. பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். தொற்றுக்குப் பயந்து சொந்தக்காரர்கள் விலகிப்போனார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அந்தப் பெண் குழந்தையைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலைமக்கள் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்லும்போது, பார்த்தீர்களா, கடைசியில் பலன் கிடைத்தது என்று முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவில் ஒரு சங்கடம் உண்டு. காய்ச்சலில் கிடந்த மனிதர் பிழைத்து எழுந்து மறுபடியும் எதிர்த்திருந்தால், அந்தப் பணிவிடை வீணா? ஆம் என்றால், நாம் நோயாளியைப் பார்க்கவில்லை, அவர் வழியாக வேறொன்றைப் பார்த்திருக்கிறோம். கிறிஸ்தவ ஊழியத்துக்கு வரும் பெரிய சோதனை பணமோ புகழோ அல்ல என்று நினைக்கிறேன். பணமும் புகழும் வெளியே தெரிந்துவிடும். அடுத்தவர் மனம் மாற வேண்டும், நம் பக்கம் வர வேண்டும், குறைந்தது நம்மை நல்லவர் என்று ஒத்துக்கொள்ளவாவது வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் கடைசிவரை பக்தி வேஷத்தில் ஒளிந்திருக்கும். மத்தேயு 25-இன் நியாயத்தீர்ப்புக் காட்சியில் ராஜாவுக்கு வலப்பக்கம் நிறுத்தப்பட்டவர்களைக் கவனித்தீர்களா? பசித்தவருக்குச் சாப்பாடு கொடுத்தோம், நோயாளியைப் போய்ப் பார்த்தோம் என்று அவர்கள் கணக்கு ஒப்புவிக்கவில்லை. உமக்கு எப்போது செய்தோம் என்று விழிக்கிறார்கள். இடப்பக்கம் இருந்தவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் வேறு தொனியில்: அது நீர்தான் என்று தெரிந்திருந்தால் செய்யாமல் இருந்திருப்போமா என்று. ராஜா என்று தெரிந்தால் யார்தான் செய்ய மாட்டார்கள்!

ஜெஸ்ஸி 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வகை ஒன்றில், கறுநீர்க் காய்ச்சலில் இறந்தார். பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். 1923-இல் மகனையும் மகளையும் படிப்புக்காக அங்கே உறவினர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பியிருந்தார்கள். அப்படி விட்டுச் சென்றபோது பாலுக்கு ஒன்பது வயது. அப்பாவை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் வந்தது. கடிதங்களோ கப்பலில் வருபவை. ஆகவே அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் சில வாரங்களுக்கு அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி. அடுத்த ஆண்டு அம்மா வந்து இறங்கியபோது, துக்கத்தில் தளர்ந்து ஒடுங்கிப்போன அந்த உருவத்தைப் பையனால் உடனே அடையாளம் காண முடியவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தன்னலமற்ற ஊழியம் என்று பேசும்போது, செலவு யாருடையது என்று நாம் கேட்பதே இல்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் தங்கள் வசதியையும் உயிரையும் கொடுத்தார்கள். அது அவர்கள் மனமொப்பிக் கொடுத்தது. பிள்ளைகளைக் கேட்டா கப்பலேற்றினார்கள்? அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்களில் அது சாதாரண வழக்கம் என்று பதில் சொல்லலாம். மகன் வளர்ந்து பெற்றோரை நன்றியோடுதான் நினைத்தார். அதனால் எனக்குச் சமாதானம் ஆகிவிடவில்லை. நம் ஊரிலும் ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், ஊர்ப் பொதுவேலை செய்பவரின் மனைவி என்று, வேறொருவரின் தியாகத்துக்குத் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

ஈவ்லின் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். மிஷன் அவரை மலையைவிட்டுச் சமவெளி வேலைக்கு மாற்றியது. ஓய்வு வயதும் வந்தது. மலைக்கே போகிறேன் என்றபோது, இந்த வயதில் முடியாது என்றார்கள். ஏறக்குறைய எழுபது வயதில், மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மட்டக்குதிரையில் ஏறி மலைக்குப் போய்விட்டார். கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை என்று மலை மலையாகச் சுற்றினார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். மறுபடியும் நரம்புச் சிலந்திதான், வடிகட்டும் துணிதான், கிணற்றுச் சுவர்தான். கடைசிக் காலத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஓவியம் படித்த பெண்மணி! 1974-இல், 95 வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்தில், அந்த மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

மகனிடம் வருவோம். பால் பிராண்ட் லண்டனில் அறுவைசிகிச்சை படித்து 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன விரல்கள். கை செத்துப்போய்விட்டது என்று நினைத்து ஒருவரிடம் கையை நீட்டிப் பற்றச் சொன்னால், இரும்புப் பிடி. தசை முழுக்கச் சாகவில்லை, சில நரம்புகள்தான் போயிருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினார். மடங்கிய கைகள் விரிந்தன. உலகம் திரும்பிப் பார்த்தது. 1960-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

எனக்கு இதில் பிடித்த பகுதி விருது அல்ல. அறுவை முடிந்து கை நன்றாகி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்கள். இந்தக் கை பிச்சை எடுக்கக்கூடப் பயன்படவில்லை என்று! மடங்கிய கையைப் பார்த்தால் காசு போட்டார்கள். இப்போது விரல் நேராகிவிட்டது, காசும் இல்லை, தொழுநோய்க்காரன் என்று வேலையும் இல்லை. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சிகிச்சைக்குக் கிடைத்த நன்றி இது. மனசுக்குள் மொய் நோட்டு வைத்திருக்கிற டாக்டராக இருந்தால், எப்படிப்பட்ட நன்றிகெட்ட ஜனங்கள் என்று சலித்துக்கொண்டிருப்பார். பிராண்ட் அந்தப் புகாரை மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டார். நோயாளி சொல்வது உண்மை. கையைச் சரிசெய்தது பாதி வேலைகூட இல்லை. 1951-இல் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கினார்கள். தச்சு, பொம்மை செய்தல் என்று கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். நன்றியை எதிர்பார்க்காதவருக்கு ஒரு லாபம் உண்டு: குறை சொல்கிறவர் வாயிலிருந்து வரும் தகவல் அவர் காதில் விழும்.

அப்புறம் செருப்பு. தொழுநோயில் பாதத்துக்கு உணர்ச்சி போய்விடும். செருப்பிலிருந்து ஆணி ஏறினாலும் தெரியாது, கல் குத்தினாலும் தெரியாது. புண்ணோடு நடப்பார்கள், புண் எலும்புவரை போகும். விரல்கள் நோயினால் நேரடியாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களால்தான் அழிகின்றன என்று பிராண்டும் கூட்டாளிகளும் நிறுவியபோது, வைத்தியம் அறுவை அரங்கிலிருந்து செருப்புப் பட்டறைக்கு இடம் மாறியது. ஆணி இல்லாமல், பாரத்தைப் பரப்பித் தாங்குகிற மென்மையான ரப்பர் வேண்டும். நுண்ணறை ரப்பர், தொழுநோய் மருத்துவமனைப் பேச்சில் எம்.சி.ஆர். இன்றைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுக்கிறார்களே, அந்த ரப்பர்தான். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்து அளந்து செருப்பு செய்தார்கள். செருப்புத் தைக்கிறவரை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்த தேசத்தில், லண்டனில் படித்த அறுவை மருத்துவர் உட்கார்ந்து வார் எந்தப் பக்கம் உரசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுவைக்குப் படம் பத்திரிகையில் வரும். செருப்புக்கு யார் படம் போடுவார்கள்?

கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். யோவான் 13-இல் பேதுரு செய்ததையும் பார்க்க வேண்டும். என் காலை நீர் கழுவக் கூடாது என்று தடுத்தார். பணிவு போலத் தெரியும். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் வீம்பும் தெரிகிறது. ஊழியம் செய்து பழகினவர்களுக்கு, ஊழியம் பெற்றுக்கொள்வது பெரிய கஷ்டம். கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும். எப்போதும் மேலேயே இருக்க விரும்புவதும் ஒரு கூலிதான்.

டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண், வேலூரில் படித்தவர். 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மற்றவர் புரட்டிவிட்டால்தான் புரள முடியும். தான் நோயாளிகளுக்குச் செய்துவந்ததையெல்லாம் தனக்குப் பிறர் செய்ய, படுத்துக்கிடந்து வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை. அதற்கப்புறம், உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது கை அறுவை என்று பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, தன்னைப் போல் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்காக 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வரக் காரணமானார். வாங்கிக்கொள்ளப் பழகிய கை அது. படுக்கையில் இருப்பவருக்கு எது அவமானம், எது ஆறுதல் என்று அதற்குத் தெரியும்.

குணம்பெற்ற பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதையை நினைவுபடுத்தி, ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டாரே, அவர் நன்றியை எதிர்பார்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லூக்கா பதினேழில் அந்தக் கதைக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: நாள் முழுக்க வயலில் உழைத்து வந்த வேலைக்காரன், வீட்டுக்கு வந்தும் எஜமானுக்குப் பரிமாறிவிட்டு, செய்ய வேண்டியதைத்தானே செய்தேன் என்று சொல்லும் பகுதி. செய்கிறவன் நன்றி கேட்கக் கூடாது என்பது ஒரு பாடம். பெற்றவன் நன்றி மறக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். நாம் ஒன்றை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பதுதான் வழக்கம். அந்த ஒன்பது பேருடைய குணம் திரும்ப எடுக்கப்பட்டதாக எழுதியில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வேலை செய்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்று சொன்னவரும் இதே இயேசுதான், லூக்கா பத்தில். அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஊழியம் செய்கிறவனுக்குப் பிழைப்புக்குத் தர வேண்டும் என்று ஒரு வக்கீலைப் போல வாதாடி நிலைநாட்டிவிட்டு, பிறகுதான் எனக்கு அது வேண்டாம் என்கிறார். கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டார். உரிமையை நிலைநாட்டியது எல்லாருக்கும், விட்டுக்கொடுத்தது தன்னுடையதை மட்டும்.

நம் நிறுவனங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நிர்வாகத்தில் இருப்பவர் காரில் வந்து இறங்கி, எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்குகிற செவிலியரிடமும் சுயநிதிப் பிரிவு ஆசிரியையிடமும், இது வேலையில்லை, ஊழியம், பலன் பரலோகத்தில் என்கிறார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டுவதில்லை. ஆனால் ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு சேலை. சம்பள உயர்வு கேட்டால் விசுவாசக் குறைவு. மாற்கு 10:45-ஐச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்தவர் பணிவிடையில் உட்கார்ந்திருப்பதற்குச் செபெதேயுவின் பிள்ளைகளான யாக்கோபும் யோவானும் கேட்டதே தேவலை; அவர்கள் நேராகக் கேட்டார்கள்.

இங்கே பள்ளி நிர்வாகக் குழுவிலும் மருத்துவமனைக் குழுவிலும் இருப்பவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் முதல் பொருளாகச் சம்பளப் பட்டியலை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கீழிருந்து மேலாக வாசியுங்கள். கடைசிப் பெயருக்கு நேரே உள்ள தொகையில் உங்கள் வீட்டில் ஒரு மாதம் நடக்குமா என்று கேளுங்கள். நடக்காது என்றால், கட்டட நிதியைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். அந்தச் செவிலியரோ ஆசிரியையோ அதன்பிறகு தன் மனமாக ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டினால், அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். நாம் அதில் தலையிட வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இதை மறுத்துப் பேச விரும்பும் நிர்வாகிகள் முதலில் வரலாம்.